பனியாற்றுக்கு ஒத்திகை

உலகத்தில் பயணத் திட்டம் போடுகிற ஆசாமிகள் அத்தனை பேரையும் எனக்கு நேரில் தெரியும். யார் பெட்டியில் எந்த மூலையில் என்ன இருக்கும் என்பதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். சரி, அத்தனை பேர் என்பது கொஞ்சம் ஊதிச் சொன்னது. எங்கள் தெருவில் இருக்கிற நாலைந்து பேரைத் தெரியும். அதிலும் உள்ளும் புறமுமாகத் தெரிந்தது ஒரே ஒருவரைத்தான். ஆனால் அந்த ஒருவரைத் தெரிந்துகொண்டால் மற்றவர்களுக்காக நீங்கள் தனியே மெனக்கெட வேண்டியதில்லை. எல்லாம் ஒரே அச்சு.

இந்த இனத்துக்குத் திட்டப்பிராணி என்று பெயர். பெயர் நான் வைத்ததுதான். வேறு யாரும் வைக்க முன்வரவில்லை. இதை அடையாளம் காண்பது சுலபம். ஊருக்குப் போகிறவன் பெட்டியை எடுப்பான். திட்டப்பிராணி பேனாவை எடுக்கும். ஊருக்குப் போகிறவனிடம் "எப்போ கிளம்புறீங்க?" என்று கேட்டால் ஒரு தேதியைச் சொல்லிவிட்டு நடப்பான். இதனிடம் கேட்டால், "அது பல விஷயத்தப் பொறுத்தது" என்று சொல்லி உங்களுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போடும். உட்கார்ந்தீர்களோ, அன்றைய பொழுது போச்சு.

நான் சொல்லும் மனிதர் பேருந்துப் பணிமனையில் கால அட்டவணை போடும் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் அட்டவணையார். அவர் போட்ட அட்டவணைகளைப் பார்க்க வேண்டும் நீங்கள்! நகரப் பேருந்துக்கு ஒரு நிறம், புறநகருக்கு ஒரு நிறம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு நிறம் என்று கோலாகலமாக இருக்கும். பேருந்துகள் என்னவோ தம் இஷ்டத்துக்குத்தான் வந்தன, போயின, சில நாள் வராமலும் இருந்தன. பயணிகள் வந்து கத்தினால் அவர் கோபப்பட மாட்டார். "அட்டவணை சரிதாம்மா, பஸ்தான் தப்பு" என்பார்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவர். தெருவில் யாருக்கும் அவர் டீச்சர்தான். அட்டவணையாருக்கும் கோபம் வந்தால் டீச்சர்தான். வருடம் தவறாமல் கரும்பலகையில் நீலச் சாக்பீஸால் ஒரு பனியாறு வரைவார். மலை உச்சியிலிருந்து அது ஊர்ந்து இறங்கி, கடல் விளிம்பில் வந்து நின்று, பாளம் பாளமாக உடைந்து விழுவதை அவர் சொல்லும்போது கடைசி பெஞ்சில் தூங்குகிறவன்கூட ஒரு கண்ணைத் திறப்பான். கடைசி வருடம் ஒரு சின்னப் பெண் எழுந்து நின்று கேட்டாள்: "டீச்சர், நீங்க பாத்திருக்கீங்களா?"

"படத்துல" என்றார் டீச்சர். சொன்ன வாய் அன்று முழுக்கக் கசந்தது.

ஓய்வு பெற்ற கையோடு கணவரிடம் வந்து சொன்னார்: "ஏங்க, எனக்கு ஒரு தடவ பனியாத்தப் பாக்கணும். முட்டி இப்பவே முணுமுணுக்குது. அடுத்த வருஷம் கப்பல் படி ஏற முடியுமான்னு டாக்டரே உறுதியாச் சொல்லல. இந்த வருஷமே போயிடலாம்."

எந்தக் கணவனிடம் எதைக் கேட்க வேண்டும் என்று ஒரு கணக்கு இருக்கிறது அல்லவா? தாகமாக இருக்கிறது என்று கிணறு வெட்டுகிறவனிடம் சொன்னால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

அட்டவணையார் கண் மூக்குக்கண்ணாடிக்குள் பளபளத்தது. வடகோடிக்குப் போகும் சொகுசுக் கப்பல்கள், அவற்றின் வயது, எடை, எந்தக் கப்பல் எவ்வளவு ஆடும், ஆடினால் எந்தப் பக்கம் ஆடும் என்று அத்தனையையும் தோண்டி எடுத்து, சாப்பாட்டு மேசை முழுக்கப் பரப்பி, அதன்பின் அந்த வீட்டில் சாப்பாடு என்பதே மடியில் தட்டை வைத்துக்கொண்டுதான் என்று ஆக்கிவிட்டார். முதல் பெரிய முடிவு: சீசன் கடைசியில்தான் போக வேண்டும்.

"ஆரம்பத்துல போனா கூட்டம். நடுவுல போனா கொசு. கடைசியில போனா காத்து, குளிர், நாம. வேற ஒருத்தரும் இருக்க மாட்டாங்க."

"ஏன் இருக்க மாட்டாங்க?"

"விஷயம் தெரியாததால."

டீச்சர் நாள்காட்டியைப் பார்த்தார். முட்டியைத் தடவிக்கொண்டார்.

அடுத்து, டிராவல்ஸ் அலுவலகப் படலம். அங்கே ஒரு பெண் வேலை பார்த்தாள், பொறுமைசாலி. அட்டவணையார் கதவைத் திறப்பதைக் கண்டதும் மேசை மேலிருக்கும் மற்ற எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிப்பாள்.

"கேளும்மா. போகும்போது கரை நமக்கு வலப்பக்கம் வருது. வரும்போது இடப்பக்கம் வருது. அதனால போறதுக்கு வலப்பக்க ரூம், வர்றதுக்கு இடப்பக்க ரூம்."

"சார், நடுவுல ரூம் மாத்தித் தர மாட்டாங்க."

"ஏன்? பஸ்ல வெயில் அடிச்சா இந்தப் பக்கத்து சீட்லேர்ந்து அந்தப் பக்கத்து சீட்டுக்கு மாற மாட்டோமா?"

"இது கப்பல் சார்."

"அதான் சொல்றேன், இடம் இன்னும் தாராளமா இருக்கும்."

அவள் மறுபடி தண்ணீர் குடித்தாள். "சார், இந்த வருஷத்துக்கு இதுதான் கடைசிக் கப்பல். இதுக்கப்புறம் பனி மூடிடும், யாரும் போக மாட்டாங்க. ரூம் மளமளன்னு போய்க்கிட்டிருக்கு. இன்னைக்கே சொல்லிட்டீங்கன்னா..."

"அவசரப்படாதம்மா" என்றார் அட்டவணையார், அவளுக்கு ஏதோ ஆபத்து வந்தது போல. "திட்டம் இன்னும் பழுக்கல."

திட்டம் பழுப்பதற்குள் அவர் குளிரைச் சோதித்தார். எதிர்த் தெருவில் பழ வியாபாரிக்குச் சொந்தமான குளிர்பதனக் கிடங்கு இருந்தது. ஒரு காலை வேளையில் கணவனும் மனைவியும் கோட்டு, கையுறை, காது மூடும் தொப்பி சகிதம் தெருவில் நடந்து போனபோது, வியர்வையில் நனைந்துகொண்டிருந்த ஜனம் வாயைப் பிளந்தது. கிடங்குக்குள் ஆப்பிள் பெட்டிகளுக்கு நடுவில் இருவரும் ஆளுக்கொரு முக்காலியில் உட்கார்ந்தார்கள். அட்டவணையார் தன் மூக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, "இருக்கு, இன்னும் இருக்கு" என்று அறிவித்துக்கொண்டிருந்தார்.

பழ வியாபாரி கதவிடுக்கில் தலையை நீட்டினார். "ஐயா, ஆப்பிளே ஸ்வெட்டர் இல்லாமதான் இருக்கு. நீங்க ஏன் இப்படிப் பயப்படுறீங்க?"

"ஆப்பிளுக்குத் திரும்பி வர்ற எண்ணம் கிடையாதுய்யா" என்றார் அட்டவணையார்.

டீச்சர் மட்டும் சுவரோரம் பெயர்த்துப் போட்டிருந்த ஒரு பனிக்கட்டியைக் கையுறையைக் கழற்றிவிட்டுத் தொட்டுப் பார்த்தார். கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. அட்டவணையார் அதைக் கவனிக்கவில்லை. அவருக்கு மூக்குக் கவலை.

இதற்கெல்லாம் சிகரம் விமான ஒத்திகை. துறைமுகம் வரை விமானத்தில் அல்லவா போக வேண்டும்? டீச்சர் முட்டி அவ்வளவு நேரம் மடங்கி இருக்குமா? அதைச் சோதிக்காமல் கிளம்பினால் அது பயணமா? எனவே கூடத்தில் சாப்பாட்டு நாற்காலிகளை இரண்டு வரிசையாகப் போட்டு, முன் நாற்காலி முதுகு முழங்காலில் இடிக்கிற அளவுக்கு நெருக்கி, பழைய இடுப்பு வார்களைப் பின்னால் கட்டி, ஜன்னல் திரையைப் பாதி இறக்கி, டீச்சரை ஓரத்திலும் தன்னை நடுவிலும் அமர்த்திக்கொண்டார். அவர் பக்கத்து நாற்காலியில் ஒரு தலையணையை உட்கார வைத்தார். அது அறிமுகமில்லாத பயணி. அதன் மேல் சாய்ந்துவிடக் கூடாதாம்.

"போனை ஆஃப் பண்ணு."

"வீட்லதானங்க இருக்கோம்?"

"விமானம் கிளம்பிருச்சு."

அவர் தன் கைபேசியை அணைத்தார். டீச்சரும் தன்னுடையதை அணைப்பது போல ஒரு பாவனை செய்து மடியில் வைத்துக்கொண்டார். அன்றுதான், அந்த நேரத்தில்தான், டிராவல்ஸ் பெண் அட்டவணையாரைத் திரும்பத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தாள். அணைந்த கைபேசி எங்கே அடிக்கும்? கடைசியில் டீச்சர் மடியில் ஒரு அதிர்வு. டீச்சர் இடுப்பு வாரை அவிழ்த்தார்.

"எங்க எழுந்திரிக்கிற?"

"பாத்ரூம். விமானத்துல பாத்ரூம் உண்டில்ல?"

அட்டவணையார் யோசித்தார். உண்டுதான். முழங்காலை ஒதுக்கி வழி விட்டார்.

சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு டீச்சர் பேசினார். "டீச்சர், ஒரே ஒரு ரூம்தான் மிச்சம்" என்றாள் அந்தப் பெண், மூச்சு வாங்க. "வேற ஆளுங்க என் எதிர்லயே உக்காந்திருக்காங்க. சார் போனை எடுக்கவே மாட்டேங்கிறார்."

"அவர் மேகத்துக்கு மேல இருக்கார். நீ சொல்லு."

"வலப்பக்கமும் இல்ல, இடப்பக்கமும் இல்ல டீச்சர். கப்பல் நடுவுல உள்ளடங்கின ரூம். ஜன்னலே கிடையாது. சார் ஒத்துக்கவே மாட்டார்."

டீச்சர் அடுப்பு மேடையில் கையை ஊன்றிக்கொண்டார். அவர் வாழ்நாளில் கணவரைக் கேட்காமல் ஒரு திரைச்சீலைகூட வாங்கியதில்லை.

"எம்பேர்ல போடும்மா" என்றார். "ரெண்டு பேருக்கு. ஒருத்தர் வர்றது சந்தேகம். நான் வர்றது நிச்சயம்."

திரும்பி வந்து உட்கார்ந்து வாரைக் கட்டிக்கொண்டார்.

"ஏன் இவ்வளவு நேரம்?"

"வரிசை நீளமா இருந்துச்சு."

அட்டவணையார் இதை மெச்சித் தலையாட்டினார். அப்படித்தான் இருக்கும், அது அவர் எதிர்பார்த்ததே. கொஞ்ச நேரம் விமானம் நிம்மதியாகப் பறந்தது. பிறகு டீச்சர் நேராகப் பார்த்தபடி சொன்னார்: "கப்பல்ல ரூம் போட்டாச்சு."

நாற்காலி கிறீச்சிட்டது. "யாரு?"

"நான்தான்."

"எந்தப் பக்கம்?"

"நடுவுல."

"ஜன்னல்?"

"கதவு இருக்கு."

வலப்பக்கம், இடப்பக்கம், சூரியன் விழும் கோணம், எல்லாம் பொலபொலவென்று உதிர்வது அட்டவணையார் முகத்தில் தெரிந்தது. தலையணை மேல் சாய்ந்தேவிட்டார். "அடுத்த வருஷம் நல்லா யோசிச்சு..." என்று இழுத்தார்.

"அடுத்த வருஷம் நீங்க யோசிங்க. இந்த வருஷம் நான் போறேன். வர்றதா இருந்தா வாங்க."

தெருவில் காய்கறிக்காரர் கூவிக்கொண்டு போனார், அந்த உயரத்தில்.

"பெல்ட்டை இறுக்கிப் போடு" என்றார் அட்டவணையார் கடைசியில். "இன்னும் தரையிறங்கல."

போனார்கள், இருவருமாகவே. ஜன்னலில்லாத அறையின் சுவரில் அவர் ஒரு வரைபடத்தை ஒட்டி வைத்து, காலையில் எழுந்ததும் அதைப் பார்த்து "இப்ப வெளிய மலை" என்று அறிவித்தாராம். பனியாறு வரும் நாளன்று மேல்தளத்தில் வலப்பக்கம் ஓரிடம் பிடித்து டீச்சரை உட்கார வைத்தார். அவர் கணக்குப்படி பனியாறு அங்கேதான் வர வேண்டும். வந்ததும் வந்தது. நீலமாக, கரும்பலகையில் இருந்ததைவிட நீலமாக. அங்கேதான் மாலுமி ஒரு காரியம் செய்தார். இரண்டு பக்கத்தாரும் பார்க்கட்டும் என்று கப்பலை நின்ற இடத்திலேயே மெல்ல, வட்டமாகச் சுழற்ற ஆரம்பித்துவிட்டார்! எந்த அட்டவணையிலும் இல்லாத சுற்று.

"எழுந்திரு, அந்தப் பக்கம் போயிருச்சு!"

"நீங்க ஓடுங்க. நான் இங்கயே இருக்கேன். கப்பல் சுத்துதில்ல, அது வரும்."

அவர் ஓடினார். அவர் இடப்பக்கம் சேர்ந்தபோது பனியாறு பின்பக்கம் போயிருந்தது. பின்பக்கம் சேர்ந்தபோது வலப்பக்கம் போயிருந்தது. கோட்டு பறக்க, காது மூடிய தொப்பியோடு அவர் தளத்தைச் சுற்றிச் சுற்றி வந்ததைப் பார்த்துப் பயணிகள், அது குளிருக்கான உடற்பயிற்சி போலும் என்று எண்ணிப் பின்னாலேயே ஓடினார்கள். அப்போதுதான் விழுந்தது. எங்கள் தெருவையே நிமிர்த்தி வைத்தது போன்ற ஒரு பாளம் பனியாற்றைவிட்டுப் பிரிந்து, கடலில் சாய்ந்து, எழுந்த சத்தத்தில் மாலுமியின் தொப்பி பறந்தது. டீச்சர் முழுசாகப் பார்த்தார், உட்கார்ந்த இடத்திலிருந்தே. அட்டவணையாரோ அந்த நேரம் சரியாக எதிர்ப்பக்கத்தில் நின்று, ஒன்றுமில்லாத கடலைக் கூர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஒன்று மட்டும் கேட்கிறேன். போக வேண்டும் என்று நீங்கள் எப்போதிலிருந்தோ சொல்லிக்கொண்டிருக்கும் அந்த இடம், அது என்ன ஆயிற்று? "பிள்ளைங்க பரீட்சை முடியட்டும்," "வெயில் கொஞ்சம் தணியட்டும்," "இன்னும் கொஞ்சம் விசாரிச்சுட்டு." இப்படி வீட்டில் யாராவது பேசுவது காதில் விழுகிறதா? அந்தக் குரல் உங்களுடையது போலவே இருக்கிறதா? வீட்டில் ஒருவர் முட்டியைத் தடவிக்கொண்டு நாள்காட்டியைப் பார்க்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

இந்த இடத்தில் முடித்துப் பேனாவை மூடலாம் என்றிருந்தேன். ஆனால் டீச்சர் இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்; எழுதியதை வாங்கிப் படித்துவிட்டார்.

"எல்லாம் சரி, கடைசிதான் தப்பு" என்கிறார். "அவர் எதிர்ப்பக்கம் இல்ல. ஓடி ஓடி மூச்சு வாங்கி, என் முன்னால வந்து என் முட்டிக்குப் போர்வையச் சுத்திக்கிட்டு இருந்தார். சத்தம் கேட்டு நிமிர்ந்தார் பாரு, முழுசாப் பாத்தது அவர்தான். நான்தான் பாக்கல."

"ஏன்?"

"கப்பல் சுத்துனதுல அது என் முதுகுப் பக்கம் போயிருந்துச்சே, போர்வை சுத்துற காலோட எப்படித் திரும்புவேன்?"

"அடப்பாவமே! அவ்வளவு தூரம் போயும் விழுறத நீங்க பாக்கவே இல்லையா டீச்சர்?"

"யாரு சொன்னா? அவர் மூக்குக்கண்ணாடியில பாத்தேன். ரெண்டு கண்ணாடியிலயும் விழுந்துச்சு."