பிளக்கைக் கழற்றிக்கொண்டு போன அண்ணன்

நடந்தவை, வரிசையாக:

1. ஒரு சனிக்கிழமை, லிங்கராஜபுரத்திலிருந்து வைட்ஃபீல்டுக்கு வீடு மாறினேன். ஃப்ரிட்ஜும் வந்தது.
2. அதைக் கொண்டுவந்து வைத்தவர், அதன் பிளக்கைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.
3. நான் வேறு பிளக் மாட்டினேன்.
4. ஃப்ரிட்ஜ் செத்துப்போனது.
5. அவரால்தான் போனது என்று ஊருக்கெல்லாம் எழுதினேன்.
6. என்னால்தான் போனது என்று பதினொரு நாள் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

பெங்களூரில் ஃப்ரிட்ஜுக்கு மரியாதை கொடுத்துப் பேசிய ஒரே மனிதர் அவர். கட்டில் அவருக்கு ‘அது’. வாஷிங் மெஷின் ‘அவன்’. ஃப்ரிட்ஜ் மட்டும் ‘அவரு’. “அவர சாய்க்காதீங்க”, “அவரு முதுகுல செவுரு படுது பாருங்க” என்று கேட்டால், யாரோ பெரியவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

லிங்கராஜபுரத்தில் அவர் பெயர் பிளக் அண்ணா. வேறு பெயர் இருந்திருக்கும், யாரும் கேட்டதில்லை. பயணம் வந்த ஃப்ரிட்ஜுக்கு ஐந்து மணி நேரம் கரண்ட் கொடுக்கக் கூடாது என்பது அவர் சட்டம். காரணம் கேட்டால் இப்படிச் சொல்வார்:

“மெஜஸ்டிக் ஸ்டாண்ட்லேர்ந்து பஸ்ல நின்னுக்கிட்டே வர்றீங்க. வாசல்லயே நிறுத்தி மாவாட்டச் சொன்னா ஆட்டுவீங்களா?”

மனிதர்கள் காத்திருக்க மாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் பிளக்கைக் கழற்றிக்கொண்டு போய், நேரம் முடிந்ததும் திரும்பி வந்து மாட்டுவார். கழற்ற முடியாத பிளக்கை ஒரு பழைய காலுறைக்குள் நுழைத்து, தனக்கு மட்டுமே அவிழ்க்கத் தெரிந்த முடிச்சு ஒன்றைப் போடுவார். மாதக் கடைசியில் அவர் பையில் நாலைந்து பிளக்குகள் பெயர்ச்சீட்டோடு கிடக்கும். ஒரு ஞாயிறு சர்ச்சில் காணிக்கைத் தட்டில் ஒன்று விழுந்துவிட்டது என்பார்கள்.

ஞானஸ்நான கேக்குக்கு வாங்கிய வெண்ணெய் உருகுகிறது என்று ஒரு அம்மா ஃபாதரையே சமாதானத்துக்கு அழைத்து வந்த கதையும் உண்டு.

“கொடுத்துடேன்பா, வெண்ணெ போகுது” என்றாராம் ஃபாதர்.

“வெண்ண கடையில இருக்கு ஃபாதர். இவரு போனா கெடைக்க மாட்டாரு.”

ஃபாதர் அந்த அம்மாவைக் கூட்டிக்கொண்டு திரும்பிவிட்டாராம். அவர் வீட்டு ஃப்ரிட்ஜையும் ஏற்றி இறக்கியது பிளக் அண்ணாதான்.

என் விஷயத்துக்கு வருகிறேன். குட்டியானை டெம்போவின் பின்பக்கத்தில் ஃப்ரிட்ஜை நேராக நிறுத்தி, பழைய பருத்திப் புடவையால் கட்டி, அதைக் கட்டிப்பிடித்தபடி அவரும் நின்றார். ஒவ்வொரு வேகத்தடைக்கும் முன்னால் டிரைவரின் கூரையைத் தட்டினார். “யோவ் பிளக்கு, எறங்கி அவர கைய புடிச்சு நடத்திக் கூட்டிட்டு வா” என்று டிரைவர் கத்தியது தெருமுனை வரைக்கும் கேட்டது. நான் வாடகைக் காரில் முன்னே போய்விட்டேன்.

அன்று எனக்கு அலுவலகக் கூட்டம் வேறு. புது வீட்டில் தரையில் உட்கார்ந்து லேப்டாப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஃப்ரிட்ஜ் வந்தது. சமையலறையில் நிறுத்தினார். திருப்புளியை எடுத்தார்.

“சாயங்காலம் ஆறு மணிக்கு வர்றேன் மேடம். அதுவரைக்கும் அவர தொந்தரவு பண்ணாதீங்க.”

“அண்ணா, நின்னுட்டேதானே வந்துச்சு? உள்ள இருக்கிற ஆயில் எங்கயும் போயிருக்காது. உடனே போடலாம். நான் மெக்கானிக்கல் படிச்சிருக்கேன்.”

“படிங்க மேடம். நல்லா படிங்க. நா ஆறு மணிக்கு வர்றேன்.”

வேலூரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய மீன் குழம்பு ஐஸ் பெட்டியில் இருந்தது. என் கருவிப் பெட்டியில் உபரி பிளக் ஒன்றும் இருந்தது. பத்து நிமிட வேலை. ஃப்ரிட்ஜ் அழகாக ஓடியது. ஒரு மணி நேரத்தில் ‘டக்’ என்று நின்றது. பிறகு எழவில்லை.

ஆறு மணிக்கு வந்தவர் காய்ச்சல் பார்ப்பதுபோல் அதன் பக்கவாட்டில் புறங்கையை வைத்தார்.

“எப்ப போட்டீங்க?”

“ரெண்டு மணிக்கு. வழியில எங்கயோ இடிச்சிருக்கீங்க அண்ணா.”

“இடிக்கல மேடம். கீழ கேட்ல என்னாச்சுன்னா...”

“காரணம்லாம் வேணாம். விடுங்க.”

விட்டுவிட்டார். பிளக்கை மேடைமேல் வைத்துவிட்டுக் கிளம்பினார்.

அன்றே லிங்கராஜபுரம் தமிழ் வீடுகளின் வாட்ஸாப் குழுவில் ஏழு குறிப்புகள் எழுதினேன். அவருக்கு வேலை கொடுப்பவை அந்த வீடுகள்தான் என்று தெரிந்தே எழுதினேன். ஏழாவது: ‘இவரிடம் ஃப்ரிட்ஜைக் கொடுக்காதீர்கள்.’ எண் போட்டு எழுதினால் பொய்க்கும் ஒரு நேர்மை வந்துவிடுகிறது. அறுபது பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். அதற்குப் பின் அந்தப் பக்கம் யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

பதினோராம் நாள் மெக்கானிக் வந்து கம்ப்ரஸரைப் பார்த்தார். “படுக்க வச்சு எடுத்துட்டு வந்து, உடனே ஆன் பண்ணியிருக்கீங்க” என்றார். நான் இல்லவே இல்லை என்று வாதாடினேன். பிறகு சந்தேகம் வந்து, கீழே போய் செக்யூரிட்டியைக் கேட்டேன்.

“ஹவ்து, ஆமா மேடம், நேரா நிறுத்தினா டெம்போ பேஸ்மென்ட்ல எறங்காது. அதான் கேட்லயே படுக்க வச்சாங்க. உள்ள போய்ப் பாத்தா உங்க அப்ரூவல் வரல. முக்கா மணி நேரம் பீமுக்குக் கீழயே நின்னுச்சு. நிமித்தவும் எடம் இல்ல.”

“அவர் என்ன பண்ணாரு?”

“அது மேல கைய வச்சு ஸாரி, ஸாரின்னு சொல்லிட்டே இருந்தாரு. ஆளு சல்ப, கொஞ்சம் ஒரு மாதிரின்னு நெனச்சேன்.”

அனுமதி கேட்டு என் ஃபோனுக்கு மூன்று முறை அறிவிப்பு வந்திருந்தது. கூட்டத்தில் இருந்ததால் மூன்றையும் தள்ளிவிட்டிருந்தேன். பிளக் தன் பையில் இருக்கும்வரை இதையெல்லாம் சொல்ல அவசியமில்லை என்று அவர் நினைத்திருப்பார். அவசியம் வந்தபோது நான் சொல்லவிடவில்லை.

குழுவில் திருத்தம் எழுதினேன். அதற்கும் எண் போட்டேன். மூன்று கட்டைவிரல்கள்.

அவர் எண்ணுக்கு நாலு நாள் அழைத்தேன். ஐந்தாம் நாள் எடுத்தார்.

“சொல்லுங்க மேடம். அவரு எப்படி இருக்காரு?”

“வேற கம்ப்ரஸர் போட்டாச்சு அண்ணா. தப்பு என்னுதுதான். மன்னிச்சிடுங்க.”

“போட்டதுக்கப்புறம் எத்தன மணி நேரம் விட்டீங்க?”

“ஒரு நாள் முழுக்க.”

“அவ்ளோலாம் வேணாம் மேடம். அஞ்சு மணி நேரம் போதும், பாவம்.”

ஆனேக்கலில் ஒரு ஃபர்னிச்சர் கடையில் சோபா ஏற்றுகிறாராம்.

“பேஜாரே இல்ல மேடம். சோபாவ நிறுத்தலாம், படுக்க வைக்கலாம், கவுத்துப் போடலாம். அதுக்கு ஒண்ணும் ஆகாது.” பிறகு அவரே கேட்டார்: “அதுக்கு நா எதுக்கு மேடம்?”



இப்போதைய நிலை இதுதான். ஃப்ரிட்ஜ் ஓடுகிறது. என் ஏழு குறிப்புகள் இன்னும் வேறு வேறு குழுக்களில் சுற்றுகின்றன; திருத்தம் எங்கும் போகவில்லை. அடுத்த மாதம் என் தோழி கம்மனஹள்ளிக்கு வீடு மாறுகிறாள். அவளிடம் இருப்பது இரட்டைக் கதவு ஃப்ரிட்ஜ். பிளக் அண்ணாவிடம் சொல்லியிருக்கிறோம். அவர் இன்னும் சரி என்று சொல்லவில்லை. நாங்கள் வேறு யாரையும் கூப்பிடவில்லை.