வாஷிங்டனில் ஒரு சமையல் போட்டி

"வாஷிங்டனுக்கா? எதுக்கு?" என்று மனைவி நோரீன் கேட்டதும், டுவைட் பாஸ்கமின் வாயில் முதலில் வந்த பொய், "சமையல் போட்டி" என்பதுதான்.

பொய்யானாலும் பொருத்தமான பொய். அமெரிக்கத் தரைப்படையில் பதினாறு வருஷமாக அவன் சமையல் சார்ஜென்ட். டென்னஸி எல்லை முகாமில் தினமும் காலையில் அறுநூறு பேருக்கு முட்டை பொரிக்கிறவன் வாஷிங்டனுக்கு வேறு எதற்குப் போவான்?

ஆனால் அவன் சட்டைப்பையில் இருந்த கடிதம் கடற்படையிலிருந்து வந்திருந்தது. அணுசக்தி நீர்மூழ்கிக் கப்பலில் உலையைக் கவனித்துக்கொள்ளும் அதிகாரி வேலைக்கு நேர்முகத் தேர்வு. மற்றவர்கள் இருபத்திரண்டு வயதில் போகும் வேலை. டுவைட்டுக்கு முப்பத்தெட்டு. மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஆறு வருஷம் படித்து இயற்பியல் பட்டம் வாங்கியிருந்தான். வயது அதிகம் என்று முதல் மனு திரும்பி வந்தது. விலக்குக் கேட்டு இன்னொன்று போட்டுவிட்டு மறந்தே போயிருந்தான். இப்போது திடீரென்று வரச் சொல்லியிருந்தார்கள்.

நோரீனிடம் சொல்லத்தான் தைரியம் வரவில்லை. ஒன்பதாவது வீட்டுக்குக் குடிவந்த அன்று, இனிமேல் நீ பெட்டி கட்டவே வேண்டாம் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருந்தான். தவிர, அவன் தேனீ வளர்த்ததையும், டிரம்பெட் ஊதக் கற்றதையும், இரண்டும் எப்படி முடிந்தன என்பதையும் பார்த்தவள் அவள். தேறிவிட்டால் சொல்லிக்கொள்ளலாம், தேறாவிட்டால் சொல்லவே வேண்டியதில்லை என்று கணக்குப் போட்டான்.

மறுநாள் சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் சேதி பரவிவிட்டது. நோரீனின் அப்பா வெர்னன், டாங்கி ஓட்டி ஓய்வு பெற்றவர், கடற்படையை மிதக்கிற ஓட்டல் என்று மட்டுமே குறிப்பிடுகிறவர், மாப்பிள்ளையின் முதுகில் ஓங்கித் தட்டினார்.

"என்ன மாப்ளே சமைக்கப்போறீங்க?"

"மாட்டிறைச்சிக் குழம்பு மாமா" என்று டுவைட் சொல்லிவைத்தான்.

அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் அக்கம்பக்கத்தார் ஆறு பேர் கையில் தட்டோடு வந்து உட்கார்ந்தார்கள். நோரீன் ஒரு நோட்டில் மதிப்பெண் போட்டாள். நேற்றைக்கு உப்பு, இன்றைக்குக் காரம் என்று தீர்ப்பு வந்தது. நேர்முகத்துக்குப் படிக்கவேண்டிய மூன்று வாரத்தில் ஒரு வாரம் குழம்பிலேயே கரைந்தது.

இதிலிருந்து தப்பிக்க, போட்டி விதியை மாற்றிவிட்டார்கள், என்ன சமைக்கவேண்டும் என்று அன்றைக்குத்தான் சொல்வார்களாம் என்று இன்னொரு பொய் சொன்னான்.

நோரீன் நெற்றியைச் சுருக்கி யோசித்தாள். "அப்போ எல்லாத்தையும் பழகணும்."

பதினான்கு பதார்த்தங்களுக்குப் பட்டியல் போட்டாள். டுவைட் அடுப்பை விட்டு நகரவே முடியவில்லை. வேறு வழியில்லாமல் பாடத்தைச் சட்டிக்குள்ளேயே படிக்க ஆரம்பித்தான். சூடான குழம்பு எப்படி மேலே எழுகிறது, ஆறியது எப்படிக் கீழே இறங்குகிறது என்று பார்த்து, மூடியில் படிந்த ஆவியின் மேல் விரலால் சமன்பாடு எழுதினான். எழுதிய கையோடு நோரீன் துணியால் துடைத்துவிட்டுப் போனாள்.

நானும் வருகிறேன் என்று அவள் சொன்னபோது, பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது என்றான். பரவாயில்லை, வாசலில் நிற்கிறோம் என்றாள். வெர்னன் வேனுக்கு எண்ணெய் மாற்றினார். கிளம்பும்போது, "பாஸ்கம் ஜெயிப்பான்" என்று நூலால் தைத்த ஏப்ரனையும் ஆறு கத்தி வைத்த ஒரு பெட்டியையும் நோரீன் அவன் கையில் திணித்தாள்.

வேனை இரண்டு தெரு தள்ளியே நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கினான். கத்திப் பெட்டியோடு கடற்படைத் தலைமையகத்துக்குள் நுழைகிறவனை அங்கே எப்படி வரவேற்பார்கள் என்று சொல்லவேண்டியதில்லை. முக்கால் மணி நேரம் சுவரைப் பார்த்து நிற்கவைத்தார்கள். கத்தியைப் பிடுங்கிக்கொண்டு ஏப்ரனை மட்டும் திருப்பிக் கொடுத்தார்கள். அதைக் கோப்புக்குள் மடித்துவைத்துக்கொண்டு ஓடினான்.

இரண்டு பொறியாளர்கள் அவனை மாறிமாறிக் குடைந்துவிட்டு, கடைசியில் கடற்படையின் அணு உலைகளுக்கெல்லாம் பொறுப்பான அட்மிரல் ஆல்டனின் அறைக்கு அனுப்பினார்கள். அட்மிரல் ஒல்லியான மனிதர். சிரித்துப் பழக்கமில்லாத முகம்.

"உலையை நிறுத்தியாச்சு. பம்பும் நின்னுபோச்சு. சொல்லு."

டுவைட்டுக்கு அதுவரை படித்ததெல்லாம் மறந்துபோய், வீட்டு அடுப்பு மட்டும் கண்ணில் நின்றது.

"அடுப்பை அணைச்சாலும் சட்டி உடனே ஆறாது சார். உள்ளே சூடு பிறந்துக்கிட்டேதான் இருக்கும். ஆனா பெரிய சட்டியில கரண்டி போடாமலே குழம்பு சுத்தும். சூடானது மேலே போகும், ஆறினது கீழே வரும். ஆற்றுற இடம் உலைக்கு மேலே இருந்தா, பம்ப் இல்லாமலே தண்ணி தானா ஓடும்." பிறகு தாளை எடுத்து, எவ்வளவு வேகத்தில் ஓடும் என்பதையும் கணக்குப் போட்டுக் காட்டினான்.

அட்மிரல் தாளைப் பார்த்தார். கோப்பிலிருந்து எட்டிப்பார்த்த ஏப்ரனையும் பார்த்தார். "இது என்ன?"

டுவைட் எல்லாவற்றையும் சொன்னான்.

"வீட்டுக்காரிகிட்ட மூணு வாரம் பொய் சொல்லியிருக்க. என் உலையைப் பத்தி என்கிட்ட உண்மை சொல்லுவேன்னு நான் எப்படி நம்புறது?"

ஆறு வருஷ உழைப்பு கையை விட்டு நழுவுவதை டுவைட் உணர்ந்தான். மேஜைமேல் இருந்த தொலைபேசியைக் காட்டி, "இதுல பேசலாமா சார்?" என்று கேட்டான்.

அட்மிரல் அதை அவன் பக்கம் நகர்த்தினார். வேனில் காத்திருந்த நோரீனின் செல்போனுக்கு அழைத்தான்.

"நோரீன், இங்க போட்டி எதுவும் இல்ல. கடற்படை அதிகாரி வேலைக்கு வந்திருக்கேன். அணு உலை. கிடைச்சா மறுபடியும் வீடு மாத்தணும். உன்கிட்ட சொல்லப் பயந்துட்டேன். மன்னிச்சுடு."

வேனில் வெர்னன் ஏதோ கேட்பதும், சும்மா இருங்கப்பா என்று நோரீன் அடக்குவதும் கேட்டன.

"எந்த ஊருக்கு?"

"முதல்ல சார்ல்ஸ்டன்."

"கடற்கரை இருக்கு. சரி. கிடைச்சுதா?"

டுவைட் அட்மிரலைப் பார்த்தான். அவர் பேனாவைத் திறந்து, கோப்பில் கையெழுத்துப் போட்டு, அவன் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"கிடைச்சுடுச்சு" என்றான். அந்தப் பக்கம் வேனின் ஹாரன் நிற்காமல் அலறியது. அழுத்தியது வெர்னன். அதுவும் கடற்படைக்காக.

பதினாறு வருஷம் குனிந்து முட்டை பொரித்த முதுகு நிமிர்ந்துவிட்டது. இவ்வளவு பெரிய சேதியை ஒரே நொடியில் தாங்கிக்கொண்ட மனைவி யாருக்கு வாய்ப்பாள் என்று நெஞ்சு விம்ம வெளியே வந்தான். வாசல் அறையில் அட்மிரலின் செயலாளர் திருமதி கார்வர் அவனுடைய அனுமதிச் சீட்டை வாங்கிக்கொண்டு சொன்னார்:

"நோரீன்கிட்ட என் வாழ்த்தைச் சொல்லிடுங்க சார்ஜென்ட், உங்க வயசு விலக்குக்காக மூணு மாசமா வாராவாரம் போன் பண்ணி எங்களை ஒருவழி ஆக்கினது அவங்கதான், நீங்களா வாயைத் திறந்து சொல்ற வரைக்கும் உங்களை அடுப்பை விட்டு நகரவிடமாட்டேன்னு சொல்லிட்டிருந்தாங்க."