ஐந்தெழுத்துப் பந்தயம்

இந்த வாரம் பெண்டாட்டியை ஜெயிக்காமல் ஓய்வதில்லை என்று லிஃப்ட் மெக்கானிக் ஞாயிற்றுக்கிழமை காலை கண்ணாடியைப் பார்த்துச் சபதம் செய்தார். பல் தேய்த்துக்கொண்டே செய்ததால் பாதிச் சபதம் நுரையாகத்தான் வந்தது. பரவாயில்லை, கண்ணாடிக்குப் புரிந்தால் போதும்.

விஷயம் இதுதான். போனில் தினம் ஓர் ஆங்கில வார்த்தை ஒளிந்திருக்கும். ஐந்தே எழுத்து. ஆறு தடவைக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் போடும் எழுத்து சரியான இடத்தில் விழுந்தால் பச்சை, இடம் மாறியிருந்தால் மஞ்சள், எழுத்தே இல்லையென்றால் சாம்பல். புருஷனும் பெண்டாட்டியும் தினம் காலையில் ஆளுக்கொரு போனில் ஆடுவார்கள். அவர் ஆறு தடவை முட்டி மோதி நிற்கும்போது அந்த அம்மா மூன்றில் முடித்துவிட்டுத் தலை வாரப் போய்விடுவாள். மருந்துக்கடையில் வேலை. டாக்டர்களின் கையெழுத்தையே படித்து மருந்து எடுத்துக் கொடுக்கிறவளுக்கு ஐந்தெழுத்து எம்மாத்திரம்?

இத்தனை நாள் தோற்றதெல்லாம் சும்மா தோற்றது. இந்த வாரம் பந்தயம் வைத்துத் தொலைத்திருந்தார்.

வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வேண்டும் என்று அவள் ஒரு வருஷமாகச் சொல்கிறாள். பெயிண்டருக்கு அடுத்த வாரம் நாலு நாள்தான் ஒழியும். அதை விட்டால் ஏதோ ஒரு பள்ளிக்கூட வேலைக்குப் போய்விடுவார், ஆறு மாதத்துக்கு ஆளைப் பிடிக்க முடியாது. பெயிண்ட் என்றால் சின்ன அறையைக் காலி செய்யவேண்டும். சின்ன அறை என்பது லிஃப்ட் மெக்கானிக்கின் உயிர். பதினேழு வருஷம் கழற்றிக்கொண்டு வந்த கப்பி, ரோலர், கம்பிச்சுருள், நம்பர் எழுதிய பட்டன் இருநூறு, மேலே போகவும் தெரியாமல் கீழே வரவும் தெரியாமல் நின்றுபோன ஒரு மோட்டார், எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. "என்னைக்காவது உதவும்" என்பார். அந்த என்னைக்காவது இன்னும் வரவில்லை.

அதனால்தான் பேச்சை இப்படி முடித்திருந்தார்:

"இந்த வாரம் யார் அதிக நாள் ஜெயிக்கிறோமோ அவங்க சொல்றதுதான். நீ ஜெயிச்சா நான் வீட்ல இருந்து பெயிண்ட் வேலையைப் பாத்துக்கறேன். நான் ஜெயிச்சா, போன மாசமே பேசி வச்ச மாதிரி அந்த நாலு நாளும் கூட்டாளிங்களோட ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிடுவேன்."

"நீங்க போயிட்டா பெயிண்ட்?"

"நான் இல்லாம எப்படிம்மா அடிப்பே? போன தடவை யார் கூட இருந்து பாத்தது?"

போன தடவை அவர் கூட இருந்து பார்த்ததில் நாலு நாள் வேலை பத்தொன்பது நாள் ஆயிற்று.

"அதானே, நீங்க இல்லாம எப்படி?" என்று அவள் ஒத்துக்கொண்டாள். பெண்டாட்டி இவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் விவரமான புருஷனுக்குச் சந்தேகம் வரும். இவருக்குச் சந்தோஷம் வந்தது.

ஞாயிறு, திங்கள், செவ்வாய் மூன்று நாளும் தோற்றார். வேலையில் கை ஓடவில்லை. ஆறாவது மாடிப் பட்டனை நாலாவது மாடியில் மாட்டிவிட்டு வந்து திட்டு வாங்கினார். வீட்டில் உட்கார இருப்புக் கொள்ளாமல் சின்ன அறைக்கும் ஹாலுக்கும் நடந்தார். மோட்டாரைத் தடவிக் கொடுத்தார்.

செவ்வாய் சாயங்காலம் மச்சினன் போன் பண்ணினான். பெண்டாட்டியின் தம்பி. அவன் இருக்கும் தேசத்தில் நம் ஊரைவிடச் சீக்கிரம் விடிந்துவிடும்.

"என்ன மாமா, தோத்துக்கிட்டே இருக்கீங்களாமே? எனக்கெல்லாம் நாளைய வார்த்தை இங்க முன்னாடியே வந்துடும் மாமா."

"முன்னாடியேன்னா?"

"நீங்க எந்திரிக்கிறதுக்குள்ள நான் முடிச்சிருப்பேன்."

மெக்கானிக் குரலைத் தாழ்த்தினார். "மாப்ள, ஒரு சின்ன உதவி."

"சொல்லுங்க மாமா."

சொந்த அக்காவைக் காட்டிக் கொடுக்க இவ்வளவு சுலபமாகச் சம்மதிப்பான் என்று அவர் நினைக்கவே இல்லை. தங்கமான பையன் என்று மனசுக்குள் பாராட்டினார்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் விடிந்ததும் வார்த்தை போனில் காத்திருந்தது. எடுத்த எடுப்பிலேயே போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று ஒரு தடவை வேண்டுமென்றே தப்பாகப் போட்டு, நெற்றியைச் சுருக்கி, தாடையைச் சொறிந்து, இரண்டாவதில் முடித்தார்.

"எப்படிங்க இப்படி?" என்றாள் அவள்.

"எல்லாம் பயிற்சிதான். நீயும் முயற்சி பண்ணு, வரும்."

மூன்றுக்கு மூன்று. சனிக்கிழமை கடைசி ஆட்டம்.

சனிக்கிழமை காலை போனைத் திறந்தார். மச்சினனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. கூப்பிட்டார். எடுக்கவில்லை. ஐந்து தடவை கூப்பிட்டார். டவலைத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கக் கிளம்பியவர் ஹாலிலேயே மேலும் கீழுமாக நடந்தார். அவளுக்கும் என்னவோ நிலைகொள்ளவில்லை. பால்கனிக்குப் போய் யாருக்கோ போன் போட்டாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். பயந்துவிட்டாள் என்று அவருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

"ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

"பவர்" என்று போட்டார். தொழில் வார்த்தை. ஓ, டபிள்யூ, இ மூன்றும் பச்சை. அடுத்தது "டவர்". டியும் பச்சை. ஐந்தில் நாலு கிடைத்துவிட்டது, கடைசி எழுத்து ஒன்றுதான் பாக்கி. யாருக்கும் இதற்கு மேல் அரை நிமிஷம் ஆகாது. ஆனால் அவர் மண்டைக்குள் மோட்டாரும் கப்பியும் ஓடிக்கொண்டிருந்தன. மூன்றாவது, நாலாவது எதையோ போட்டார், இல்லை. ஐந்தாவதாகக் கைப்பழக்கத்தில் "மோட்டார்" என்றே போட்டுத் தொலைத்தார்.

"எனக்கு ஆறும் போச்சுங்க" என்றாள் அவள், ரொம்ப நிதானமாக. மூன்றுக்கு மேல் போகாதவள். "இப்ப நீங்க கண்டுபிடிச்சா நீங்கதான் ஜெயிச்சீங்க."

"பேசாதே. ஒரே ஒரு தடவைதான் இருக்கு."

"சரி, அந்த டவலைக் கொடுங்க, துவைக்கணும்."

கொடுத்தார்.

"இது பழைய டவலாச்சே. புது டவல் எங்கே?"

"எனக்கெப்படித் தெரியும்?"

"டவலுங்க. தினம் துடைக்கிறீங்களே, டவல்."

"இங்க உயிர் போகுது, உனக்கு டவலா முக்கியம்?"

அவள் டவலை விரித்து அவர் போன்மேலேயே போட்டாள். அவர் அதை எடுத்து முகத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்.

"டி, ஓ, டபிள்யூ, இ. கடைசியில என்ன?" என்று முனகினார்.

"இப்ப கையில என்ன வச்சிருந்தீங்க?"

"டவல்."

"அதை இங்கிலீஷ்ல என்ன சொல்வாங்க?"

"டவல்தான். இதென்ன கேள்வி..." என்றவர் அப்படியே நின்றார். பிறகு ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினார். ஐந்தும் பச்சை. "பாத்தியா, எப்படிப் பிடிச்சேன்?"

அவள் தொப்பென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். "அப்பாடா."

"தோத்துட்டு அப்பாடாங்கிறே?"

"ஒரு வழியா முடிஞ்சுதேன்னு சொன்னேங்க."

அவருக்குத் தலைகால் புரியவில்லை. அன்று முழுக்கச் சீட்டியடித்தார். மோட்டாரிடம் போய், "இன்னும் ஆறு மாசத்துக்கு உன்னை யாரும் அசைக்க முடியாது" என்று வாக்குக் கொடுத்தார்.

மறுநாள் காலை தூண்டிலும் பையுமாக இறங்கினார். தெருவில் கூட்டாளிகளின் வேன் ஹாரன் அடித்தது. வாசலில் பெயிண்டர் நின்றிருந்தார். கூட இரண்டு ஆள், ஒரு ஏணி, ஒரு கட்டுச் சாக்குப் பை.

"எங்கே வந்தீங்க?" என்றார் மெக்கானிக்.

"உங்க வீட்டுக்குத்தான் சார். முதல்ல சின்ன ரூமைக் காலி பண்ணி இரும்பையெல்லாம் எடைக்குப் போடச் சொல்லியிருக்காங்க. நீங்க ஊருக்குப் போற தேதியைப் பாத்து மேடம் போன மாசமே என்னை வரச் சொல்லிட்டாங்க."

"போன மாசமா?" பந்தயம் வைத்தே ஒரு வாரம்தான் ஆகிறது. அவர் அண்ணாந்து பார்த்தார். பால்கனியில் அவள் நின்றிருந்தாள்.

"நான் போகலை," என்று கத்தினார்.

"பந்தயம்னா பந்தயங்க. ஜெயிச்சவர் நீங்க, போய்த்தான் ஆகணும். நிம்மதியா போயிட்டு வாங்க."

கூட்டாளிகள் அவரைத் தூக்காத குறையாக வேனில் ஏற்றினார்கள். தெருமுனை திரும்பும்போது முதல் சாக்கு கீழே இறங்குவது தெரிந்தது. போன் அதிர்ந்தது. மச்சினன் அனுப்பியிருந்தான்:

"நேத்து தூங்கிட்டேன் மாமா, வார்த்தை அனுப்பலை. அதுக்கு அக்கா என்னைக் கிழிகிழின்னு கிழிக்கிறா, நீங்களாவது கொஞ்சம் சமாதானம் சொல்லுங்க."