ஒன்றும் அழுத்தாதீர்கள், நேரில் வருகிறேன்

கல்யாண மண்டபத்தில் சாப்பாட்டுத் தட்டோடு இடம் தேடுகிறீர்கள். எல்லா மேசையும் நிறைந்திருக்கிறது. ஒரு மேசையில் மட்டும் ஒருவர் சிரித்த முகத்தோடு தனியாக உட்கார்ந்திருக்கிறார், அவரைச் சுற்றி எல்லா நாற்காலியும் காலி. சட்டைப் பையில் இரண்டு பேனா. அவசரப்பட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். அவர்தான் 'நேரில் வரும் இன்சூரன்ஸ் ஏஜெண்ட்'. பினாங்குத் தீவில் இந்த இனம் அருகிவருகிறது என்கிறார்கள். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த மேசையில் உட்கார்ந்திருப்பவன் நான்தான். பெயர் மோகனராஜ்.

எங்களுக்கு மனிதர்களின் முகம் நினைவில் நிற்காது. கார் நம்பர்தான் நிற்கும். கோயிலில் ஒருவர் வணக்கம் சொன்னால் மனதுக்குள் வருவது அவருடைய பெயரல்ல, 'வெள்ளைக் கார், ஆகஸ்டில் முடிகிறது' என்பதுதான். தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிக்கட்டில் ஒருவர் காவடியோடு ஏறுகிறார், ஊரே 'வேல் வேல்' என்று உருகுகிறது, எனக்கு மட்டும் அவருடைய லாரியின் இன்சூரன்ஸை வேறொருவன் தட்டிக்கொண்டு போனது ஞாபகம் வந்து கண் கலங்குகிறது. பக்கத்தில் நிற்பவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொள்கிறார்கள். நானும் மறுப்பதில்லை.

சாவு வீட்டுக்குக் கூடாரம் போடுகிறவர்கள் வருவதற்கு முன்னால் நாங்கள் போய்விடுவோம். நாற்காலி விரிப்போம், தண்ணீர் போத்தல் எடுத்துக்கொடுப்போம், வாசலில் கைகட்டி நிற்போம். துக்கம் நிஜமானதுதான். பாதி துக்கம் இறந்தவருக்காக. மீதிப் பாதி, 'அடுத்த மாசம் பாப்போம் தம்பி' என்று அவர் தள்ளிக்கொண்டே வந்த பாலிசிக்காக.

"ஒன்னும் ஆவாதுண்ணே. ஆனா, ஆச்சுன்னா?"

இது எங்கள் மந்திரம். புது மாப்பிள்ளையிடம் சொல்லலாம், பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போன இடத்தில் சொல்லலாம், புக்கிட் தெங்கா தொழிற்சாலை கேண்டீனில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிக்கிறவரிடமும் சொல்லலாம். கேட்டவுடன் மனிதனுக்குப் பசி போய்விடும். அந்த நேரம் பார்த்துப் பேனாவை நீட்ட வேண்டும்.

இப்படியெல்லாம் ஒரு தொழில் நடக்குமா? நடந்தது ஐயா, ஜோராக நடந்தது. அப்போது கார் இன்சூரன்ஸ் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் ஒரே விலை. விலை ஒன்றென்றால் ஜனங்கள் எதைப் பார்ப்பார்கள்? ஏஜெண்டின் முகத்தைப் பார்த்தார்கள். வருடம் ஒருமுறை நான் வீடு தேடிப் போய், கார்க் கண்ணாடியில் இருக்கும், இன்சூரன்ஸோடு சேர்த்தே புதுப்பிக்கும் ரோடு டேக்ஸின் பழைய ஸ்டிக்கரை என் நகத்தாலேயே சுரண்டி எடுத்து, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு புதியதை ஒட்டி, நான்கு மூலையிலும் கட்டைவிரலால் அழுத்திவிட்டு நிமிர்வேன் பாருங்கள், காரையே நான்தான் பெற்றுக்கொடுத்தது போல வீட்டுக்காரர்கள் நின்று பார்ப்பார்கள்.

இப்போது கம்பெனிக்குக் கம்பெனி விலை வேறு. கைப்பேசி ஆப்பில் நாலு தட்டுத் தட்டினால் எல்லா விலையும் வரிசையில் வந்து நிற்கிறது. ஸ்டிக்கரும் போயிற்று, ரோடு டேக்ஸ் கைப்பேசிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. என் கட்டைவிரலுக்கு வேலை இல்லை. சும்மா இருக்க முடியாமல், என் பெயரும் போன் நம்பரும் போட்ட ஸ்டிக்கரை அச்சடித்து அதே இடத்தில் ஒட்ட ஆரம்பித்தேன். முதலில் என் காரில்.

பினாங்கு ரோட்டுக்குப் பின்னால், ஒரு பழைய கடைவீட்டு மாடியில் என் ஆபீஸ். கீழே இருந்த சைக்கிள் கடை இப்போது சுற்றுப்பயணிகளுக்கான காப்பிக்கடை. அவர்கள் என் பெயர்ப்பலகைக்குக் கீழே நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள், அதுவும் ஏதோ பழைய காலத்துப் பொருள் என்று. கடைசியாக மாடியேறி வந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண். கழிப்பறை எங்கே என்று கேட்டார். அவரிடமும் பயண இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று விசாரித்தேன். அவசரத்தில் இருந்தார்.

நான் மாறவில்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. கம்பெனி ஏற்பாடு செய்த ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன். காலத்தோடு நடப்பது எப்படி என்று ஒரு பையன் படம் போட்டுக் காட்டினான். மதியச் சாப்பாடு நன்றாக இருந்தது. அன்றிலிருந்து தினமும் காலையில் எல்லோருக்கும் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கத்தை வாட்ஸாப்பில் அனுப்பிவைக்கிறேன், கீழே என் நம்பரோடு. பலர் என்னை முடக்கிவைத்துவிட்டதாகக் கேள்வி. அதனால் என்ன? அவர்களை மடக்க என்னிடம் ஓர் ஆயுதம் இருந்தது.

"ஆப் வந்து நிக்குமா?"

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டு பட்டர்வொர்த் வரைக்கும் போய்ச் சண்டை போட்டிருக்கிறேன்.

இந்தச் சமயத்தில்தான், ஜனவரிக் கடைசியில், கம்பெனியின் கிளை அதிகாரி ஹைருல் போன் செய்தார். நல்ல பிள்ளை. "போஸ், ஜாங்ஙான் மாரா லா," என்று ஆரம்பித்தார். கோபப்படாதீர்கள் என்று ஒருவர் ஆரம்பித்தால் உட்கார்ந்துகொள்வது நல்லது. உட்கார்ந்தேன். என் வியாபாரம் கம்பெனி கேட்கும் அளவுக்கு இல்லையாம். இந்த மாதம் முடிவதற்குள் அதை எட்டாவிட்டால் மோகனராஜ் ஏஜென்சியை மூடி, என் வாடிக்கையாளர்களை இன்னொரு பெரிய ஏஜென்சிக்கு மாற்றிவிடுவார்களாம்.

பயந்துவிட்டேன், மறைத்து என்ன பயன்? அந்தப் பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் நான் யார்? கல்யாண வீட்டில் என்னைச் சுற்றி நாற்காலிகள் காலியாக இருப்பதற்குக்கூட ஒரு காரணம் இருக்காதே!

ஒரே நம்பிக்கை ஞானாம்பிகை டீச்சர். கிரீன் லேனில் இருப்பவர், ஓய்வுபெற்ற ஆசிரியை, யாழ்ப்பாணத்துக் குடும்பம். மகன், மகள், மருமகன், தங்கை பிள்ளைகள் என்று எல்லோருடைய கார்களும் என்னிடம்தான். அந்தக் குடும்பத்தில் யார் கார் வாங்கினாலும் தை பிறந்து நல்ல நாள் பார்த்துத்தான் வாங்குவார்கள். ஆகவே எல்லாக் காருக்கும் இன்சூரன்ஸ் ஒன்றாக முடியும். எனக்கு அந்தக் குடும்பமே ஒரு தைப்பொங்கல். அது மட்டும் வந்துவிட்டால் ஏஜென்சி பிழைத்துவிடும்.

போன் அடித்தது. டீச்சர்தான்.

"தம்பி, மகன் ஸ்ரீகரன் கோலாலம்பூரில இருந்து ஏதோ ஆப் அனுப்பியிருக்கிறான். அதில நானே எல்லாக் காருக்கும் செய்யலாமாம். உமக்கேன் வீண் அலைச்சல்?"

"டீச்சர்! ஒன்னும் அழுத்தாதீங்க! நான் நேர்ல வர்றேன்!"

மாடிப்படியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்களை விலக்கிக்கொண்டு ஓடினேன்.

டீச்சர் கேட்டைத் திறந்துவைத்திருந்தார். "ரோட்டில விட்டா சமன் ஒட்டி அபராதம் போடுவாங்கள், உள்ள விடும்," என்றார். வாசல் கொட்டகையில் அவருடைய கார் நின்றது. அதன் பின்னாலேயே என் காரையும் நிறுத்தினேன். டீச்சரின் காரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வாங்கிய நாளிலிருந்து அதில் ஒரு கீறல் இல்லை, டீச்சர் ஒரு தடவைகூட இழப்பீடு கேட்டதில்லை. அதற்காகக் கம்பெனி கொடுக்கும் முழுத் தள்ளுபடியை, மற்றவர்கள் பிள்ளையின் பட்டத்தைச் சொல்வது போலச் சொல்லிக்காட்டுவார்.

"தேத்தண்ணி குடியும்."

குடித்தேன். குடித்துக்கொண்டே ஆரம்பித்தேன். "டீச்சர், ராத்திரி நேரத்துல ஜூரு பக்கம் கார் நின்னு போச்சுன்னு வைங்க. ஆப் வந்து நிக்குமா?"

"நான் ராவில ஜூரு பக்கம் போறேல்லையே, தம்பி."

"ஆனா, போனீங்கன்னா? ஒரு ஆக்சிடென் ஆச்சுன்னா ஆப் உங்ககூட பாலாய் போலீஸுக்கு ரிப்போர்ட் குடுக்க வருமா? வீட்ல ஒரு நல்லது கெட்டதுன்னா ஆப் வந்து நாற்காலி தூக்குமா? மனுஷன் வேணும் டீச்சர். நேர்ல வந்து நிக்கிற மனுஷன்!"

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஓம், அதுவும் சரிதான். ஒரு மனிசன் வேணும்தான். எல்லாத்தையும் நீரே செய்யும்," என்றார்.

வென்றுவிட்டேன்! செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு காரில் ஏறினேன். ஹைருலுக்கு உடனே சொல்லியாக வேண்டும். ஒரு கையில் கைப்பேசி, வாசலில் நிற்கும் டீச்சருக்கு ஒரு கும்பிடு, மீதியிருந்த கவனத்தில் கியரைப் போட்டேன். பின்னால் போக வேண்டிய கார் முன்னால் பாய்ந்தது.

சத்தம் ஒன்றும் பெரிதில்லை. டீச்சர் காரின் பின்பக்கப் பம்பர் பிளந்து தொங்கியது. ஒரு விளக்கு நொறுங்கிக் கீழே கிடந்தது.

டீச்சர் வீட்டுச் செருப்போடு இறங்கி வந்தார். காரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "பரவாயில்லை தம்பி. பிழை உம்மில. உம்மட இன்சூரன்ஸ்தானே பாக்கும். என்ர தள்ளுபடிக்கு ஒண்டும் வராது. என்ன?"

"ஒன்னும் வராது டீச்சர்! இன்சூரன்ஸ்காரன் கார்ல இன்சூரன்ஸ் இல்லாம போகுமா?" என்று சிரித்துக்கொண்டே, காட்டுவதற்காகக் கைப்பேசியைத் திறந்தேன்.

ரோடு டேக்ஸ் பக்கத்தில் சிவப்பு எழுத்து. என் இன்சூரன்ஸ் டிசம்பரிலேயே முடிந்திருந்தது.

எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் நான் ஞாபகப்படுத்துவேன், எனக்கு யார் ஞாபகப்படுத்துவது? சரி, நியாயமாகச் சொல்கிறேன், இரண்டு பேர் ஞாபகப்படுத்தினார்கள். ஒன்று என் மனைவி ஜெகதீஸ்வரி. சோறு போடும்போது கேட்டாள். "எனக்கே இன்சூரன்ஸ் சொல்லிக் குடுக்கிறியா?" என்று அவள் வாயை அடைத்துவிட்டேன். இன்னொன்று கம்பெனியின் ஆப். அது அனுப்பிய செய்திகளை, எதிரியோடு என்ன பேச்சு என்று, திறக்காமலே அழித்தேன். முன்பாவது கண்ணாடியில் ஸ்டிக்கர் இருந்து தேதியைக் காட்டும். அந்த இடத்தில் இப்போது என் போன் நம்பர் அல்லவா இருக்கிறது!

டீச்சர் என் கையிலிருந்து கைப்பேசியை வாங்கி, தூரத்தில் பிடித்து வாசித்தார். விடைத்தாளை வாசிப்பது போலத்தான் வாசித்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, ஆப் வந்து நிக்குமா எண்டு கேட்டீர். நிக்காதுதான். ஆனா, ஆப் வந்து இடிச்சிருக்குமோ?"

நான் குனிந்து, நொறுங்கிய விளக்கின் துண்டுகளைப் பொறுக்கினேன்.

பழுதுபார்க்கும் செலவு முழுவதும் என்னுடையது என்று நானே சொன்னேன். அவர் தன் இன்சூரன்ஸில் கேட்கப் போனால் அத்தனை வருடத் தள்ளுபடியும் போய்விடும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். கேட்டை நோக்கித் திரும்பியபோது டீச்சர் தடுத்தார். "இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில இறங்கக்கூடாது. இரும்." மகன் அனுப்பிய அந்த ஆப்பைத் திறந்து, என் கார் நம்பரைப் போட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அழுத்த ஆரம்பித்தார். நான் பாதியில் விட்டிருந்த தேநீர் ஆறுவதற்குள் முடியப் போகிறது. நடுவில் நிறுத்தினார்.

"ஏஜெண்ட் இருந்தா பேர் போடட்டாம். ஆர் உம்மட ஏஜெண்ட்?"

யோசித்தேன். "யாரும் இல்ல, டீச்சர்."

"பாவம்," என்றார்.

அழுத்தி முடித்துக் கைப்பேசியைக் கீழே வைத்தார். கேட்காமல் போயிருக்கலாம். ஆனால் எங்கள் இனத்துக்கு வெட்கம் ஒரு நிமிடத்துக்கு மேல் தாங்காது. "அப்ப... உங்க வீட்டு இன்சூரன்ஸெல்லாம், டீச்சர்?"

டீச்சர் தொங்கும் பம்பரைப் பார்த்தபடி நின்றார். மோகனராஜ் ஏஜென்சி அந்தப் பம்பரோடு சேர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.

"சொன்ன சொல்லு மாறமாட்டன். எல்லாக் காரும் உமக்குத்தான். ஆனா ஒரு கண்டிசன்."

"எதுன்னாலும் சரி டீச்சர்!"

"நீர் இனி நேரில வரக்கூடாது."

ஏஜென்சி பிழைத்துக்கொண்டது. டீச்சர் வீட்டு வேலை முழுவதும் வாட்ஸாப்பிலேயே முடிந்தது. நான் ரோஜாப்பூ அனுப்பினேன், அவர் கட்டைவிரல் அனுப்பினார். ஹைருல் போன் செய்து, "போஸ், கடைசியில காலத்தோட நடக்க ஆரம்பிச்சிட்டீங்க," என்று தன் மலாயில் பாராட்டினார். ஜெகதீஸ்வரியிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் அடுத்த வீட்டு நாய் குரைத்தது. உயிரோடு இருக்கிறேன் என்பதில் சந்தோஷம்தான். என்னில் யாருக்கும் தேவைப்படாத பகுதி, நேரில் வரும் நான்தான் என்று தெரிந்துபோனதில்தான் கொஞ்சம் வலி.

நீங்கள் ஏன் சிரிக்கிறீர்கள்? சொந்தக்காரர்களுக்கெல்லாம் நல்ல டாக்டரின் பெயரைச் சொல்லிவிட்டு, தன் இரத்தத்தைப் பரிசோதிக்க 'அடுத்த மாசம் பாப்போம்' என்று தள்ளிக்கொண்டிருப்பவர் யார்? போனைப் பார்த்துக்கொண்டு கார் ஓட்டாதே என்று மகளுக்குப் புத்தி சொன்னது யார், அதுவும் கார் ஓட்டிக்கொண்டே போனில்? எங்கள் இனம் அருகிவருகிறது என்று ஆரம்பத்தில் சொன்னேன். அது பொய். எண்ணிப்பார்த்தால் ஊரே எங்கள் ஆட்கள்தான், பேனா மட்டும் வைத்துக்கொள்வதில்லை.

சரி, அது போகட்டும். உங்கள் காரின் இன்சூரன்ஸ் எப்போது முடிகிறது? சட்டென்று தேதியைச் சொல்லுங்கள் பார்ப்போம். வரவில்லையா? பதறாதீர்கள். ஒன்றும் அழுத்தாதீர்கள். நான் நேரில் வருகிறேன்.

காரை மட்டும் கொஞ்சம் தள்ளி நிறுத்திவையுங்கள்.