காலி, காலி, கீரி

மனிதர்களில் ஒரு வகையினர் இருக்கிறார்கள். பார்வைக்கு நம்மைப் போலத்தான் இருப்பார்கள். வரி கட்டுவார்கள், வரிசையில் நின்று முணுமுணுப்பார்கள், குழாய் ஒழுகினால் நாளைக்குப் பார்க்கலாம் என்பார்கள். ஆனால் கொல்லைப்புறத்தில் ஓர் இலை, காற்றுக்கு ஆடுகிற மாதிரி இல்லாமல் வேறு மாதிரி ஆடிவிட்டால் போதும். பேசிக்கொண்டிருந்த வாய் பாதியில் நின்றுவிடும், ஒரு கை மெல்ல உயர்ந்து எதிரில் இருப்பவரை அப்படியே நிற்கச் சொல்லும், இன்னொரு கை கழுத்தில் தொங்கும் கேமராவைத் தடவும், தும்மல் வரப்போகிறவரின் பரவசம் முகத்தில் படரும். இவர்களுக்குக் கொல்லைப்புறக் கானுலாவிகள் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். நிஜக் காட்டுக்கு இவர்கள் போவதில்லை. அங்கே அட்டை கடிக்கும், கழிப்பறை தூரம். காடுதான் இவர்களைத் தேடி வீட்டுக்கு வரவேண்டும்.

இந்த இனத்தின் முழு வளர்ச்சி பெற்ற ஆண் ஒன்று என் பக்கத்து வீட்டில் வசிக்கிறது. மன்னிக்கவும், வசிக்கிறார். தொழிலால் ஆடிட்டர். ஊரார் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் மோப்பம் பிடித்துவிடுவார். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு மதில்தான் என்பதால், இந்த இனத்தின் பழக்கவழக்கங்களை அருகிலிருந்து கவனிக்கும் பாக்கியம் எனக்கு வாய்த்தது. பாக்கியம் என்று நான் சொல்வதை நீங்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இவர்கள் எழுப்பும் ஒலிகள் முக்கியமாக இரண்டு. "அசையாதீங்க" என்பது ஒன்று. "இப்பதான் இங்க இருந்துச்சு" என்பது மற்றொன்று. முதல் ஒலிக்கும் இரண்டாவது ஒலிக்கும் நடுவில் உள்ள நேரத்தில் பால் பொங்கி வழிந்திருக்கிறது, பார்சல் கொண்டுவந்தவர் ஒற்றைக் காலில் நின்றிருக்கிறார், நான் குனிந்து எடுக்கப் போன செய்தித்தாளை எடுக்காமல் குனிந்தபடியே இருந்து இடுப்புப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறேன். எதற்காக? ஓர் ஓணானுக்காக. அதுவும் என் வீட்டு ஓணான்.

அப்படியாவது எடுத்த படம் படம் மாதிரி இருக்குமா? ஞாயிற்றுக்கிழமையானால் மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கேமராவின் முதுகை என்னிடம் நீட்டுவார்.

"எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

"எது சார்?"

"அதச் சொல்லிட்டா அப்புறம் என்ன இருக்கு? நல்லாப் பாருங்க."

நன்றாகப் பார்த்தேன். இலை இருந்தது. அதற்குப் பின்னால் நிறைய இலை இருந்தது.

"அந்தக் கிளை தெரியுதா? அதுக்கு இடப்பக்கம். இல்ல, அது இலை. அதுவும் இலை. இங்க மங்கலா ஒண்ணு இருக்கு பாருங்க, அதான் வாலு."

"மீதி சார்?"

"மீதி பறந்துடுச்சு."

சொல்லும்போது குரலில் துக்கம் இல்லை. வால் மாட்டியதே பெரிய விஷயம் என்ற பெருமைதான் இருந்தது.

வீட்டுக்குள் சட்டதிட்டங்கள் தனி. வாசல் மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார், மைனா மிரள்கிறதாம். காலையில் மிக்சி ஓடக்கூடாது. பச்சை, பழுப்பு தவிர வேறு நிறத்தில் உடுத்திக்கொண்டு யாரும் கொல்லைப்புறம் போகக்கூடாது. துணி காயப்போடுவதற்கு மட்டும் எப்படியோ அனுமதி இருந்தது, அதுவும் அவருடைய சட்டைகளும் அதில் இருந்ததால். இதையெல்லாம் சகித்துக்கொண்டிருந்தவர் அவருடைய மனைவி. பள்ளிக்கூடம் ஒன்றில் நூலகர். பகல் முழுக்கப் பிள்ளைகளைப் பார்த்து "சத்தம் போடாதே" என்று சொல்லிவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பி அதே சொல்லைத் தான் வாங்கிக்கொள்ள வேண்டிய விதி அந்த அம்மாளுக்கு.

எந்த மிருகம் வந்தாலும் ஆடிட்டர் மகிழ்ந்துவிடுவார் என்று நினைக்காதீர்கள். பூனையை ஏறெடுத்தும் பார்க்கமாட்டார். "அது வீட்டுப் பிராணி சார். நாம போடற சோத்துல வளர்றது. இந்த மண்ணுல தானா பொறந்து, தானா இரை தேடித் திங்கறது எதுவோ, அதுதான் கணக்கு" என்பார். மனைவி வெளியூர்க்காரர். அதனால்தான் கணக்கில் வரவில்லை போலும்.

அணில், மீன்கொத்தி, தேன்சிட்டு என்று சில்லறைகள் சேர்ந்த பிறகு, அவருக்கு ஒரே ஒரு ஆசை மிச்சமிருந்தது. கீரி. எங்கள் தெருவில் கீரி இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். இஸ்திரி போடுகிறவர் பார்த்திருக்கிறார், எதிர்வீட்டுப் பல் டாக்டர் பார்த்திருக்கிறார், நான்கூட இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். ஆடிட்டர் ஒருவருக்கு மட்டும் அது தரிசனம் தரவில்லை. கடைசியில் மனிதர் ஒரு பெட்டியை வாங்கிக் கொய்யா மரத்தில் கட்டினார். எதிரில் எது அசைந்தாலும் தானாகவே படம் எடுத்துக்கொள்ளும் பெட்டி அது.

அன்றிலிருந்து காலை நேரத்தில் மதிலுக்கு அப்பாலிருந்து ஒரு ஓதல் கேட்கத் தொடங்கியது. ஒரு கையில் டீ, மடியில் கம்ப்யூட்டர். பெட்டி எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே சொல்வார்: "காலி. காலி. பூனை. காலி. காலி. காலி." காலி என்றவுடன் விரல் தட்டும், படம் குப்பைக்குப் போகும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அசைஞ்சாத்தானே சார் அது படம் எடுக்கும்? அப்புறம் எப்படி இவ்ளோ காலி?"

"இவதான் சார். துணி காயப்போட வர்றா, எடுக்க வர்றா. பெட்டிக்கு என்ன தெரியும், அதுபாட்டுக்கு எடுத்துத் தள்ளுது."

"அப்ப அது காலி இல்லையே?"

ரசீது இல்லாமல் செலவுக் கணக்கு கொண்டுவந்தவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். "விலங்கு இல்லன்னா காலிதான் சார்."

சமையலறை ஜன்னலில் அந்த அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஜன்னலைப் படாரென்று சாத்தினார், மைனா மிரளும் அளவுக்கு.

இந்த நிலையில்தான் நகரப் பெரிய நூலகத்தில் தலைமை நூலகர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். அந்த அம்மாள் எத்தனையோ காலமாகக் காத்திருந்த வேலை. விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் பூர்த்தி செய்து, சான்றிதழெல்லாம் ஏற்றி, கடைசி நாளன்று கடைசிக் கட்டத்துக்கு வந்து பார்த்தால், அண்மையில் எடுத்த புகைப்படம் வேண்டும் என்கிறது. வெள்ளைப் பின்னணி. முகம் தெளிவாக, பெரிதாகத் தெரிய வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மூடிவிடுவார்கள். கடைத்தெரு ஸ்டுடியோவோ பூட்டிக் கிடந்தது.

கல்லூரியில் படிக்கும் மகள், "போன்ல ஒண்ணு எடுத்துடறேம்மா" என்றாள்.

ஆடிட்டருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "வீட்ல இவ்ளோ பெரிய கேமராவ வச்சுக்கிட்டு போன்ல எடுப்பாங்களா? நான் எடுக்கறேன்."

பின்னணிக்கு வெள்ளைப் போர்வை ஒன்றின் முனையைப் பிடித்துக்கொள்ள என்னையும் கூப்பிட்டார்கள். மறுமுனை மகளிடம். நடுவில் அந்த அம்மாள், நல்ல புடவையில், தலை வாரி, சிரிப்போடு உட்கார்ந்தார். ஆடிட்டர் பீரங்கி மாதிரியான லென்ஸை மாட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்து, கூடத்தைக் கடந்து, சமையலறையைக் கடந்து, கொல்லைப்புறக் கதவோரம் போய் நின்றார். அதைவிடக் கிட்டே வந்தால் அந்த லென்ஸில் மூக்கு மட்டும்தான் விழும்.

"என்னப் பாக்காத. பாக்காத மாதிரி இரு. எதையாவது கொறி."

"ஏங்க, நான் என்ன அணிலா?"

"அசையாத."

அசையவில்லை. நாங்களும் அசையவில்லை. போர்வை பிடித்த கை மரத்துப் போயிற்று. ஆடிட்டர் விரலை வைத்தார், மூச்சை இழுத்துப் பிடித்தார், அந்த நேரம் பார்த்து அவர் முதுகுக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் ஏதோ சரசரத்தது. அவ்வளவுதான். பீரங்கி திரும்பிவிட்டது. ஆள் வெளியே, நாங்கள் உள்ளே. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் மட்டும் வந்தது. "இப்பதான் இங்க இருந்துச்சு."

பிறகு மகள் போனில் எடுத்துப் பார்த்தாள். ஆனால் அதற்குள் அந்த அம்மாளின் முகம் வேறு முகமாகிவிட்டிருந்தது. "அம்மா, இந்தப் படத்தப் பாத்தா லைப்ரரிக்கு ஒருத்தனும் புஸ்தகம் எடுக்க வரமாட்டான். கொஞ்சம் சிரியேன்."

"எங்கேர்ந்துடி வரும் சிரிப்பு? இத்தன வருஷத்துல இந்த வீட்ல எம்மூஞ்சி தெரியற மாதிரி ஒரு படம் இல்ல. ஒரு ஓணானுக்கு இருக்கற மரியாத எனக்கு இல்ல" என்றார். கண் கலங்கிவிட்டது. போர்வையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை.

மகள் சட்டென்று போய், அப்பாவின் கம்ப்யூட்டரைத் திறந்து, குப்பையில் கிடந்த காலிப் படங்களையெல்லாம் மீட்டுப் பார்த்தாள். அத்தனையும் அம்மா. கொடியில் துணி போடுகிற அம்மா. பெட்டிக்கு நேராக வந்து நின்று வணக்கம் வைக்கிற அம்மா. பெட்டியைப் பார்த்து நாக்கைத் துருத்துகிற அம்மா. ஒன்றில் ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார், 'குழாய் ஒழுகுது' என்று எழுதியிருந்தது. காலையில் எப்படியும் பார்ப்பார் என்று நினைத்து, நாள்தோறும் அந்தப் பெட்டியிடம் பேசிக்கொண்டிருந்திருக்கிறார். பிறகொரு படம். பின்னால் கொடியில் வெள்ளைப் போர்வை, காலை வெயில், பெட்டியை நேராகப் பார்த்து அப்படி ஒரு சிரிப்பு. எந்த ஸ்டுடியோக்காரரும் அப்படி எடுத்துவிட முடியாது.

ஆடிட்டர் எங்கள் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். "இதெல்லாம் எப்ப?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கே மனசு இளகிவிட்டது. மனிதர் திருந்திவிட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் இன்னும் குனிந்தார். மூக்கு திரையைத் தொட்டது.

"போர்வைக்கு ஓரத்துல, மதில் மேல. வாலு."

உண்மைதான். பழுப்பாக, நீளமாக, நுனி மெலிந்த ஒரு வால் தொங்கிக்கொண்டிருந்தது. மகள் படத்தை வெட்டக் கட்டம் போட்டாள். முகம் பெரிதாக வந்தால் வால் வெட்டுப்பட்டது. வால் இருந்தால் முகம் பொட்டளவு ஆயிற்று.

"கொஞ்சம் தள்ளி வெட்டும்மா. வாலு போயிடுது பாரு."

"அப்பா, மணி அஞ்சாகப் போகுது."

"காது வரைக்கும் இருந்தாப் போதாதா? வேலைக்குக் காது எதுக்கு?"

அந்த அம்மாள் மகளை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, இரண்டு காதும் முழுதாக இருக்கும்படி வெட்டி, ஏற்றி, அனுப்பினார். அந்த அவசரத்தில் அசல் படத்தின் மேலேயே வெட்டிய படம் பதிந்துவிட்டது. வால் போயே போய்விட்டது. ஆடிட்டர் நாற்காலியில் சரிந்தார். மனைவி எழுந்து போகும்போது, "இப்பதான் இங்க இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது எனக்கு ஒரு உண்மையைச் சொல்லுங்கள். உங்கள் நாக்கு நுனியில் ஒரு கேள்வி நிற்கிறதல்லவா? அந்த வால் கீரியுடையதுதானா, இல்லை மரநாயா, வேறு ஏதாவதா, நுனி கறுப்பா வெளுப்பா, இதைத்தானே கேட்க வாயெடுத்தீர்கள்? அப்படியானால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் யார் முகம் கடைசியாக எப்போது உங்கள் படத்தில் விழுந்தது என்று போய்ப் பாருங்கள், மெதுவாக, அவர்கள் மிரளாமல்.

அந்த அம்மாளுக்கு வேலை கிடைத்துவிட்டது. நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன்.