வண்டிக்கு ஜலதோஷம்

சும்மா இருக்கத் தெரியாதவன்தான் விஞ்ஞானி ஆவான் என்று ஒரு காலத்தில் நம்பினேன். எழுபதுகளில் வலியசாலை அக்ரகாரத்தில் என்னைவிடச் சும்மா இருக்கத் தெரியாதவன் கிடையாது. விஞ்ஞானிதான் ஆகவில்லை.

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வீட்டில் தண்டச்சோறு தின்றுகொண்டிருந்த சமயம். ஹைட்ரஜனில் ஓடும் வண்டியைப் பற்றி நான் அளந்ததைக் கேட்ட கழக்கூட்டம் என்ற ஊரில் பாட்டரிக் கம்பெனி வைத்திருந்த மலையாளி முதலாளி, "ஓட்டிக் காட்டு, ஜோலி தராம்" என்று வேலைக்கு வாக்குக் கொடுத்தார். நல்ல நாளாம், விஜயதசமி காலையில் வரச் சொன்னார்.

ஒரு பொம்மை வண்டி செய்தேன். விஷயம் எளிது. (செய்வதுதான் கஷ்டம்.) இரண்டு தகடுகள், நடுவில் காரக் கரைசல். ஒரு தகட்டில் ஹைட்ரஜன், மற்றதில் காற்று. ஹைட்ரஜன் எரியாது, எலக்ட்ரான்களைக் கழற்றிவிடும். அவை கம்பி வழியே ஓடி மோட்டாரைச் சுழற்றும். முடிவில் ஹைட்ரஜனும் காற்றிலுள்ள ஆக்ஸிஜனும் சேர்ந்து வெறும் தண்ணீராகும். புகையே கிடையாது.

சரஸ்வதி பூஜையன்று புத்தகங்களோடு வண்டியையும் பூஜையில் வைத்த அம்மா, சந்தனக் கிண்ணத்தோடு கேட்டாள்: "இதிலே முக்யமான எடம் எதாக்கும்டா?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை. "வெளியிலே தெரியற இந்தத் தகடாக்கும். இதிலே பொடிப்பொடியா ஓட்டை இருக்கு. அது வழியா காத்து போனாத்தான் வண்டிக்கு உசிர்."

"சரி, நீ போய்க் குளி."

குளித்துவிட்டு வந்தால், தகடு முழுக்கச் சந்தனம், நடுவில் குங்குமம்!

"ஐயோ, தொடச்சுட்டு வச்சுடறேன்மா!"

"பூஜையிலே வச்சதைத் தொடப்டாது. நாளைக்குப் புனர்பூஜை ஆகட்டும்."

அன்று முழுவதும் சந்தனம் காய்வதைப் பூஜையறை வாசற்படியில் நின்று பார்த்தேன். தெருவுக்கும் பூஜையறைக்குமாக அலைந்தேன். "செத்த உக்காருடா, எனக்குத் தலை சுத்தறது" என்றார் அப்பா.

மறுநாள் புனர்பூஜை முடிந்ததும் தகட்டை ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தேன். மேலே பளபளவென்று ஆனது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது, ஓட்டிப் பார்க்காமலே ஓடினேன்.

கம்பெனியில் கரைசலை ஊற்றினேன், ஹைட்ரஜனை விட்டேன். மோட்டார் அசையவில்லை. வண்டியைத் தட்டினேன், குலுக்கினேன், மனதுக்குள் கெஞ்சினேன். முதலாளி குனிந்து மூக்கை உறிஞ்சினார்.

"சந்தனம் மணக்குதல்லோ?"

உண்மையைச் சொன்னேன். துணியால் தேய்த்ததில் சந்தனம் எல்லா ஓட்டைக்குள்ளும் இறங்கி அடைத்திருந்தது.

முதலாளி சிரித்த சிரிப்பில் கம்பெனியே கூடிவிட்டது. "முதல்ல இதோட ஜலதோஷம் மாறட்டே. ஜோலி பின்னே நோக்காம்."

பிறகு பார்க்கலாம் என்ற அந்தப் 'பின்னே' வரவே இல்லை. நான் பள்ளிக்கூட வாத்தியார் ஆனேன்.

அம்மா மட்டும் திருந்திவிட்டாள். வீட்டுக்கு மிக்ஸி வந்தாலும் ஸ்கூட்டர் வந்தாலும் என்னைக் கேட்காமல் பொட்டு வைக்கமாட்டாள். அவள் காலத்துக்குப் பிறகு கிண்ணம் என் மருமகள் கைக்குப் போயிற்று. போன ஆயுத பூஜைக்கு மகனின் புதுக் கார் முன்னால் வீடே கூடி நிற்க, அவள் முகத்தை வெகு பவ்யமாக வைத்துக்கொண்டு கேட்டாள்:

"அப்பா, இதுக்கு மூக்கு எங்கேன்னு சொல்லிடுங்கோ. அங்கே மட்டும் வைக்கலை."