நிறைந்தால்தான் வண்டி நகரும்

பாதி காலியாக ஓடும் வண்டியே மனித குலத்தின் முதல் எதிரி என்று பார்சல் அலுவலகக் கிளை மேலாளர் கண்டுபிடித்திருந்தார். வறுமை, வியாதி எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

"என்னண்ணே, இன்னிக்கும் பாதி வண்டியா? காத்தை ஏத்திக்கிட்டு ஊர் சுத்தவா உங்களுக்குச் சம்பளம்?" என்று டிரைவரைப் பிடித்துக்கொண்டார்.

"பத்து மாடிக் கம்பெனிக்கு வர்ற சரக்கே அவ்வளவுதான் சார்."

"இனிமே நிறைஞ்சாத்தான் வண்டி நகரும்."

வண்டி நிறையவில்லை. அதனால் நகரவும் இல்லை. மூன்றாம் நாள், பத்து மாடிக் கம்பெனியில் பார்சல்களை வாங்கி வைக்கும் அம்மா போனில் வந்தார்.

"சார், பிரின்டர் மை எங்க? பத்து மாடியும் என் தலையை உருட்டுது. நாளைக்கு வரலைன்னா வேற ஆளைப் பாத்துக்கறோம்."

கிளைக்கு இருக்கும் ஒரே பெரிய வாடிக்கையாளர் அந்தக் கம்பெனிதான். அது போனால் கிளைக்கே பூட்டு. அதற்காகக் கொள்கையைக் கைவிட முடியுமா? காலிப் பெட்டிகளை ஒட்டி, விலாசம் எழுதி, வண்டியின் மீதிப் பாதியை நிரப்பினார்.

"உள்ள என்ன சார் இருக்கு?" என்றார் டிரைவர்.

"ஒண்ணுமில்லை."

"யாருக்கு?"

"அந்தப் பத்து மாடிக்குத்தான்."

"என் சம்பளக் கவர்ல மட்டும் ஏதாவது இருந்தாச் சரி சார்" என்று டிரைவர் வண்டியை எடுத்தார்.

முழு வண்டி போன செய்தி கேட்டுப் பூரித்துப்போன தலைமை அலுவலகம், இரண்டு மடங்கு பெரிய வண்டி ஒன்றைப் பரிசாக அனுப்பியது. இப்போது அதை நிரப்பியாக வேண்டும். மேலாளர் பசையும் கையுமாக உட்கார்ந்திருந்தபோது மறுபடி போன்.

"சார், எல்லாரும் பாக்கறப்ப திறந்த நாலு பெட்டியும் காலி. ஒரு தலையும் புரியலை, வாலும் புரியலை. வேற வழியில்லாம மொத்தத்தையும் திருப்பி விட்டுட்டேன். சாயங்காலத்துக்குள்ள மை வரணும்."

திரும்பி வந்த பெட்டிகளும் புதிதாக ஒட்டிய பெட்டிகளும் வாசலில் ஒன்றாகக் கலந்தன. மேலாளர் ஒவ்வொன்றையும் தேங்காய் வாங்குபவர்போலக் காதோரம் ஆட்டிப் பார்த்தார். ஆட்டிய வரை எல்லாம் காலி. அதிலும் ஒன்று உறுத்தியது. அவர் ஒட்டியதைவிடக் காலிப் பெட்டிகள் அதிகமாக இருந்தன.

"காலிப் பெட்டி குட்டி போடுமாண்ணே?"

"நீங்க படிச்சவங்க, நீங்கதான் சொல்லணும்."

கடைசியில் அடியில் கிடந்த மைப் பெட்டி கிடைத்தது. பொழுது சாயத் தொடங்கியிருந்தது. மேலாளர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுச் சத்தமில்லாமல் பெரிய வண்டியில் ஏறிக்கொண்டார். பின்னால் அந்த ஒற்றைப் பெட்டி இப்படியும் அப்படியும் உருண்டது. டிரைவர் வாயைத் திறந்தார்.

"ஒண்ணும் பேசாதீங்க. ஓட்டுங்க."

அந்த அம்மா மையை வாங்கிக்கொண்டு வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"மத்த பெட்டியெல்லாம் எங்க சார்?"

"மன்னிச்சுடுங்கம்மா. அந்தக் காலிப் பெட்டியெல்லாம் நான் பண்ணின வேலை."

அந்த அம்மா வண்டிக் கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க நிரப்பினது மீதிப் பாதியைத்தான் சார். பெட்டி வரத்து குறைஞ்சா என் பார்சல் ரூமையே மூடிடுவாங்கன்னு, முதல் பாதியில மை தவிர மீதியை வெளியூர் ஆபீஸ்ல போட்டு எனக்கு நானேதான் அனுப்பிக்கிட்டிருந்தேன்."